எறும்பு மொய்த்த இடம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி மண்டபத்தில் எல்லாரும் ஜூஸ் கிளாஸைத் தூக்கிப் பிடித்து மணமக்களை வாழ்த்தியபோது, நான் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். “ஏன்பா, சுகர் ஏறிடும்னு பயமா?” என்று சின்னவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சுகர் இல்லை, பாப்பா. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் அத்தைக்குக் கல்யாணம். அத்தைக்கு அப்பா இல்லை. அண்ணனான என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, அப்பா ஸ்தானத்தில் நின்றார். மாப்பிள்ளை வீடு ராயபுரம். மாதா கோயிலில் தாலி கட்டி, பந்தலில் கேக் வெட்டியதும், பெண் வீட்டுப் பெரியவர் ஒயின் கிளாஸை உயர்த்தி நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு முதல் வாய் குடிக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். அது அவர்கள் வழக்கம். எங்கள் குப்பத்துக்குக் கேக்கே புதிது.

கல்யாணப் பந்தலில் குடி கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. மாப்பிள்ளையின் அண்ணன் முன்னாடியே வந்து, அழகழகான வெளிநாட்டுக் காலிப் பாட்டில்களை ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, “போட்டோவுல ஒயின் மாதிரி தெரியணும், அவ்ளோதான். எங்க பக்கம்னா ஊத்துறதுக்கு ஹோட்டல் ஆளே வருவான். இங்க யாரு ஊத்துவா?” என்று கேட்டார்.

என் தாய்மாமனுக்கு வாய் சும்மா இருக்காது. “எங்க மச்சான் இருக்க சொல்ல ஆளு இன்னாத்துக்கு? கண்ண மூடிக்கினு ஊத்துனாலும் ஒரு சொட்டு ஏறாது, எறங்காது. எத்தினி வருஷ சர்வீஸு!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். “நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

மாமா சொன்னது பொய்யில்லை. நைனா நிறையக் குடித்தவர்தான். ஆனால் அந்த வருஷம் தவக்காலத்தில் விட்டவர், ஈஸ்டர் வந்தும் தொடவில்லை. அம்மா நம்பவில்லை. ஒருநாள் நைனா என்னை இழுத்து நிறுத்தி என் தலைமேல் கை வைத்து, “இவன் மேல சத்தியம்டி, இனிமே தொடமாட்டேன்” என்றார். சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தான். என் தலை, அவர் கையில். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாசனை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் வலை தைக்கும்போதெல்லாம் நைனா தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பந்தலில் பேச வேண்டியதை அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டி, அந்தப் பாட்டில்களில் அவரே நிரப்பியதும் தெரியாது. நான் பார்த்ததெல்லாம், வெள்ளைச் சட்டையில் நைனா, கையில் பாட்டில், கேக் மேசையில் டீக்கடையிலிருந்து வாங்கிவந்த கண்ணாடி டம்ளர்கள், அவற்றில் ரத்தம் போலச் சிவப்பு. மாமா சொன்னது சரிதான். எல்லா டம்ளரிலும் ஒரே அளவு.

நைனா தன் டம்ளரைத் தூக்கினார். பந்தல் அமைதியானது. “எங்க தங்கச்சிய நான் தோள்மேல தூக்கி வளத்தேன்...” என்று ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் பழைய நடுக்கமாகப் பட்டது.

“குடிக்காத நைனா! என் தலை வெடிச்சிடும்!”

கத்திக்கொண்டே ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். யாரோ சிரித்தார்கள். ராயபுரத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னாங்க இது?” என்றார் மாப்பிள்ளையின் அண்ணன். நான் மூச்சு முட்ட அழுதேன். நைனா என் எதிரே குந்தினார். பந்தல் கால் ஓரமாக டம்ளரைக் கவிழ்த்தார்.

“அழாத கண்ணு. இதோ பாரு, ஊத்திட்டேன். உன் தலைக்கு ஒண்ணும் ஆவாது.”

மீதி வாழ்த்தை மாப்பிள்ளையின் அண்ணன்தான் சொன்னார். எல்லாரும் குடித்தார்கள். குடித்ததும், “ஐய, ஜூஸுடா இது!” என்று ஒரு குரல். உடனே மாமா, “நமக்குத்தான் ஜூஸு. மச்சானுக்குத் தனி சரக்கு. இல்லாங்காட்டி ஏன் கொட்டப்போறாரு?” என்றார்.

பந்தலே சிரித்தது. அத்தை தலை நிமிரவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நைனா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் அத்தையை ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டு வந்த களைப்பில் வீடு கிடந்தது. நைனா படகோரம் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். அம்மா டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பினாள். நான் வெறும் பந்தலுக்குப் போனேன்.

பந்தல் கால் ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது.

நைனா குடித்த காலத்தில் பிராந்தி சிந்திய இடத்தை எறும்பு சீண்டாது. அவர் குடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் என் பாய், எனக்குத் தெரியும். குந்தி உட்கார்ந்து, ஈர மணலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு. பல்லில் மணல் நெறநெறத்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். மாமாவையும் காட்டியிருக்கலாம். ஜூஸ்தான் என்றால் நைனா ஏன் கொட்டினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு வாய் எல்லார் எதிரிலும் குடித்துக் காட்டியிருந்தால் அவர் பேர் பிழைத்திருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கு ஒரு காரணமாகவே தோன்றவில்லை.

யாரையும் கூப்பிடவில்லை. நேற்றுக் கத்தியது நான்தானே. சுற்றும் பார்த்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி அந்த இடத்தை மூடினேன். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தன. இன்னும் கொஞ்சம் மணலை அள்ளிப் போட்டு, கையால் தட்டிச் சமன் செய்தேன்.