பெரியவரிடம் கேட்டாச்சா?

நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்தது ஒரே ஒரு வரி. அது எந்தக் கவிதையிலும் இல்லை. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரக் கடையில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக வரும்: பெரியவரிடம் கேட்டாச்சா? அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைக் கூட்டி வைத்திருந்தேன். பில் போடுகிறவர் ஆமாம் என்பதற்கு ஒய்யைத் தட்டினால் பில் ஓடும். என்னைத் தட்டினால் நிற்கும், அதாவது 'என்' என்ற எழுத்தை. எதையும் தட்டாவிட்டால் புரோகிராம் காத்துக் கிடக்கும். அதற்குப் பசியா, தூக்கமா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கடைக்குக் கணினி வந்தபோது கோபோல் மொழியில் புரோகிராம் எழுத என்னை வேலைக்கு எடுத்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம். தறியிலிருந்து சாயத்துக்கும் சாயத்திலிருந்து வியாபாரத்துக்கும் வந்தவர்கள். முதலாளியைக் கடையில் எல்லோரும் பெரியவர் என்போம். அவருக்கு ஒரு கட்டளை உண்டு. எந்த ரகமானாலும் அலமாரித் தட்டில் மிஞ்சிய கடைசிச் சேலையை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. தட்டு மொட்டையாக நிற்பது விளக்கு வைக்காத வீடு மாதிரி என்பார். பில் போடுகிறவர் கழுத்தைத் திருப்புவார். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக, வாங்க வந்தவர் முகத்தைப் பார்ப்பார். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர், கையில் மஞ்சப்பை, பஸ் மாறி வந்த வேர்வை என்றால் தலை அசையும். வேண்டாதவர் என்றால் சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்ப்பார். சாமியைப் பார்த்தால் சரக்கு இல்லை என்று பொருள்.

அந்தத் தலையசைப்பை எந்தச் சூத்திரத்தில் அடைப்பது? அடைக்க முடியாமல்தான் அந்தக் கேள்வியை எழுதினேன். இருப்பு தீரப் போகிறதா, நில், பெரியவரைக் கேள். கடையில் கொஞ்ச நாள் அது சிரிப்பாக ஓடியது. டீ குடிக்கக் கிளம்புகிறவனைப் பார்த்து, "மாப்ள, பெரியவர்ட்ட கேட்டாச்சா?" என்பார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் சின்னவர், பெரியவரின் மகன், கடைக்கு வந்து உட்கார்ந்தார். காளவாசலில் ஒரு கிளை, தேனியில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று. எல்லாம் இணையத்தில் ஒன்றாக ஓட வேண்டும் என்றார். வழக்கொழிந்த கோபோலை வைத்துக்கொண்டு நான் மதுரையில் வேறு எந்தப் படியேறுவது? வில்லாபுரத்து வீட்டில் மனைவி சோறு போட்டபடி கேட்டாள்: "வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"பழசத் தூக்கிப் போட்டுப் புதுசா எழுதுவாங்க. பழசுல என்ன இருக்குன்னு சொல்ல ஆள் வேணும்ல. நான்தான சொல்லணும்" என்றேன்.

நம்பித்தான் சொன்னேன். சின்னவரும், "அண்ணே, நீங்க இல்லாம எப்பிடிண்ணே" என்று தோளில் கை வைத்தார்.

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். என் நிரல்களை அச்செடுத்து வாங்கிக்கொண்டு போய், பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தாள். அவ்வளவு ஊன்றி என்னை யாரும் வாசித்ததில்லை. வாசித்து முடித்துச் சின்னவரிடம் என் முன்னாலேயே சொன்னாள்: "ரொம்ப சுத்தமா எழுதியிருக்கார். இதைத் தொடவே வேண்டாம் சார். வெப் சர்வீஸா வெளிய கொடுத்துட்டாப் போதும்."

பழைய வீட்டை இடிக்காமல் சுவரில் ஒரு சன்னல் திறப்பது போலத்தான் அது. காளவாசலில் ஒருவர் சேலை கேட்டால், அந்தக் கேள்வி இணைய வழியே வந்து சன்னலைத் தட்டும். உள்ளே என் புரோகிராம் தன் பாட்டுக்கு வேலை பார்த்துப் பதிலை நீட்டும். உள்ளே இருப்பது கிழமா குமரியா என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் மிதப்பில் பருத்திப்பால் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பில் போடுகிற அண்ணன்தான் மறுநாள் இறக்கிவிட்டார்.

"சாமிக்குக் கவசம் சாத்துறாக, சரி. பூசாரியப் பத்தி ஒருத்தரும் பேசக் காணமேண்ணே?"

சிரித்தேன். குப்பையாக எழுதியிருந்தால் ஆயுசுக்கும் என்னை வைத்துக் காப்பாற்றியிருப்பார்கள். தொட வேண்டாத எழுத்துக்குத் தொடுகிற கை எதற்கு?

சன்னல் திறந்த அன்று பெரியவர் தேங்காய் உடைத்தார். முதல் ஆர்டர் காளவாசலிலிருந்து வந்தது, போனது. எல்லோரும் கை தட்டினோம். அடுத்தடுத்து ஆர்டர்கள் ஓடின. மதியம் எல்லாம் நின்றது. காளவாசலிலிருந்து கிளைக்காரர் போனில் வந்தார்.

"அண்ணே, சுத்திக்கிட்டே இருக்குண்ணே. கடையில இம்புட்டுக் கூட்டம் நிக்கிது, இது மட்டும் ராட்டினமாச் சுத்துது. என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக?"

தேனியும் நின்றிருந்தது, திண்டுக்கல்லும். எனக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. யாரோ கடைசிச் சேலையைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளே என் புரோகிராம், யாரும் உட்காராத ஒரு திரைக்கு முன்னால், பெரியவரிடம் கேட்டாச்சா என்று நிற்கிறது. அதன் பின்னால் மூன்று ஊர் நிற்கிறது. சின்னவர் என்னைப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எழுந்ததை மறைப்பானேன். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள். அவள் முன்னாலிருந்த டீகூட ஆறவில்லை.

"இங்க ஒரு கேள்வி கேட்குது சார். இதுக்கு என்ன பதில் அனுப்பறது?"

நான் முந்திக்கொண்டேன். "பெரியவர் முன்னால ஒரு திரை வைக்கலாம். கேள்வி அவருக்கு வரட்டும். யார் கேக்குறா, எந்த ஊருன்னு காட்டுவோம். அவர் சொல்ற பதிலை நான் பக்கத்துல இருந்து..."

"செய்யலாம் சார், கஷ்டமில்ல" என்றாள் அவள். நல்ல பெண். இன்றுவரை அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்போது அப்பாவும் மகனும் தங்கள் வீட்டு மொழிக்கு, சௌராஷ்டிரத்துக்கு, மாறினார்கள். இத்தனை வருடத்தில், முன்னால் நிற்கிறவரைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அப்படி மாறுவார்கள் என்று கண்டிருந்தேன். மகன் தணிந்த குரலில் நிறையப் பேசினார். பெரியவர் ஒரு வார்த்தை கேட்டார். மகன் இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு தமிழுக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"எப்பவும் ஒய்யின்னே போகட்டும்மா. கேள்வி வந்தா வந்துட்டுப் போகுது. நம்மளே பதில் சொல்லிருவோம்."

அவள் பெரியவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாமி படத்தைப் பாருங்கள் ஐயா, ஒரு தடவை பாருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தலையை அசைத்தார். தட்டில் கடைசியாக மிஞ்சியிருந்ததைக் கொடுக்கும்போது அசைப்பாரே, அதே அசைவு. இனி அவரை யாரும் கேட்கப் போவதில்லை என்பதற்கும் அவரே ஒய் தட்டிவிட்டார்.

தீபாவளி முடிந்ததும் சால்வை போர்த்தி, நடுவில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். "எப்ப வேணாலும் வாங்கண்ணே, இது உங்க கடை" என்றார் சின்னவர். வில்லாபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் எழுத்துக் கோக்கப் போனேன்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் காளவாசல் கிளைக்குப் போனேன். மனைவி அரக்கு நிறத்தில் கேட்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண், என்னைத் தெரியாது. கணினியில் தட்டினாள். ஒரு கண் இமைப்பில் பதில் வந்தது. அந்த இமைப்புக்குள், எங்கோ அந்தச் சந்துக்குள், என் புரோகிராம் நின்று என் வரியைக் கேட்டிருக்கும். ஆளில்லாத இடத்திலிருந்து ஒன்று ஆமாம் என்றிருக்கும்.

"இருக்கு சார், கடைசிப் பீஸ். எடுத்துக்கிறீங்களா?"

அவளுக்குப் பின்னால் தட்டுகள் பாதி மொட்டையாக நின்றன. பழக்கத்தில் கழுத்தைத் திருப்பினேன். அங்கே கண்ணாடிக் கதவும், அதற்கப்பால் சிக்னலில் நிற்கிற வண்டிகளும்.

"போடும்மா" என்றேன்.