அண்ணத்துக்கு ஒரு தட்டு

நான் பிறக்கும்போதே மேலண்ணத்தில் ஓட்டை இருந்தது. பிளந்திருந்த உதட்டைக் கைக்குழந்தையிலேயே ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். அண்ணத்தை யாரும் தொடவில்லை. குடிக்கிற தேத்தண்ணி மூக்கால் வரும். பேசினால் காற்றும் அந்த வழியே போய்விடும். 'ப' சொன்னால் 'ம' ஆகும். 'த' சொன்னால் 'ந' ஆகும். அப்பா என்று கூப்பிட்டால் அம்மாதான் திரும்பிப் பார்ப்பார்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்தபோது எனக்கு ஏழு வயது. பதினாறில் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். என் முறை வந்தால் மட்டும், "ஊமச்சி!" என்பார். நான் கையைத் தூக்குவேன்.

பத்தொன்பது வயதில் பல்வலி வந்து தோட்டத்து மருந்துக் காம்பிராவுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த மருந்துக்கார ஐயா டோர்ச் அடித்துப் பார்த்தார். பல்லை விட்டுவிட்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டியில இதுக்குத் தட்டு செஞ்சி குடுக்கிறாங்க. கடுதாசி தாரேன், போங்க" என்றார்.

நானும் அம்மாவும் றொசல்லயில் ரயிலேறிப் போனோம். பல் டொக்டர் ஒரு சிங்கள அம்மா. வாய் நிறையப் பிசின்போல எதையோ வைத்து அச்செடுத்தார். அடுத்த மாதம் போனபோது தட்டு தயாராக இருந்தது. ரோஸ் நிறம், பல்லில் மாட்ட இரண்டு கம்பிக் கொக்கி, பின்பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு குமிழ். வாய்க்குள் வைத்ததும் குமட்டியது. டொக்டர் அவசரப்படவில்லை. சின்னக் கண்ணாடி ஒன்றை என் மூக்கின் கீழ் பிடித்து, "பா" சொல்லச் சொன்னார். தட்டில்லாமல் சொன்னபோது கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. இப்போது படரவில்லை.

"ஆயெத் கியன்ன" என்றார். மறுபடி சொல்லு என்று.

"அப்பா" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "கூட வந்தது நானு, கூப்பிடுறது ஒங்கப்பனையா?" என்று சிரித்தார்.

ஆனால் பேச்சு அன்றே வந்துவிடவில்லை. ஒரு துண்டுக் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்து மாதம் பழகினேன். பானை, பாதை, தகரம், கத்தி. என் பெயரும் 'ப'வில்தான் தொடங்குகிறது. அதை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு காலை, பெரட்டில் "ஊமச்சி!" என்றபோது நான் கையைத் தூக்கவில்லை.

"என்னா, கை ஒடஞ்சி போச்சா?"

"அது எம் பேரு இல்லீங்க ஐயா" என்று என் பெயரைச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். கணக்கப்பிள்ளை சற்றுத் திகைத்தார். அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"பெரட்டுல வாயாடுறியா? இன்னிக்கி ஒனக்கு வேல இல்ல. லயத்துக்குப் போ!"

போனேன். மறுநாளும் அதே கதை. லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் காம்பிராவில் தனியாக உட்கார்ந்திருக்கையில் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் கையைத் தூக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் பேசாமல் நின்றதும் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவள் எனக்குப் பக்கத்து நிரையில் பறிப்பவள். என்னைப் பலமுறை கேலி செய்தவள். அவளும் குரல் கொடுக்கவில்லை.

"மொதல்ல அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க ஐயா. அப்பறம் நாங்க சொல்றோம்" என்றாள்.

அதற்கடுத்தவளும் வாய் திறக்கவில்லை. நாற்பது பெண்கள் பனியில் அப்படியே நின்றார்கள். அம்மாவும் அவர்களுக்குள் நின்றார். கீழே தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்துத் தேடி, என் பெயரை முழுதாக வாசித்தார்.

"இருக்கேங்க!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் தட்டு நழுவியது. நாக்கால் மேலே தள்ளிவிட்டு மறுபடியும் கத்தினேன். பெண்கள் ஓவென்று சிரித்துக் கை தட்டினார்கள்.

அன்று மலையில் நான் ஓயாமல் பேசினேன். பனியைப் பற்றி, அட்டையைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம். மத்தியானம் பக்கத்து நிரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடியே, கொஞ்சம் வாய மூடேன். காது வலிக்குது" என்றாள்.

நான் மூடவில்லை.