மொக்கையன் ஏன் பேசவில்லை

ஆனையூரில் மாவு மில் வைத்திருக்கும் வெள்ளைத்துரைக்கு மெதுவாகப் பேச வராது. ஓடுகிற மோட்டாருக்கு மேலே கத்திக் கத்தியே பழகிவிட்ட தொண்டை. "மிளகாயா, மல்லியா?" என்று அவர் கேட்டால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். துக்க வீட்டில் ஆறுதல் சொல்லப் போனால், சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாலு பேர் விலக்கிவிட ஓடிவருவார்கள். மற்றபடி தங்கமான மனிதர். யாரையும் திட்டியதில்லை. திட்டுவது போலக் கேட்கும், அவ்வளவுதான்.

அவருடைய மகன் சூரியபிரகாஷ், பேரையூர் பக்கத்தில் இருக்கும் சொந்த மனையில் வீடு கட்ட பேங்க்கில் லோன் கேட்டான். பட்டா இன்னும் தாத்தா மொக்கையன் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றது பேங்க். முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள் தாலுகா ஆபீஸில். மொக்கையன் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குப் பதிவு செய்துவிட்டு வந்த வெள்ளைத்துரையின் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. கம்ப்யூட்டரில் தேடினால் அந்த வருடத்துப் பதிவு ஏறவில்லை. இறந்த ஊருக்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். அந்த ஊர் எழுமலை.

"எழுமலைக்கா?" என்று வெள்ளைத்துரையின் மனைவி கனகலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள். காரணம் இருந்தது.

மொக்கையன் இறந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். கனகலட்சுமியின் தம்பி ராஜபாண்டிக்கு எழுமலையில் கல்யாணம். முப்பத்தேழு வயதில், கோயில் கோயிலாகச் சுற்றி, கடைசியில் கிடைத்த பெண். மொக்கையனுக்கு அப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளில் புதுத் துண்டோடு, முதல் வரிசையில் இரும்புச் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போன வெள்ளைத்துரை, கையைத் தொட்டதும் சித்தப்பாவைத் தேடி ஓடினார். சித்தப்பா வந்து பார்த்தார். மேடையைப் பார்த்தார். ராஜபாண்டியின் முகத்தைப் பார்த்தார்.

"இப்பச் சொன்னா கல்யாணம் நிக்கும். நின்னுச்சுன்னா இவனுக்கு இன்னொரு பொண்ணு இந்த ஜென்மத்துல கிடையாது. தாலி ஏறட்டும். அண்ணன் அவசரப்பட மாட்டாரு" என்றார்.

தாலி ஏறியது. மொக்கையனைச் சேரோடு தூக்கி, மயக்கம் என்று சொல்லி வேனில் ஏற்றினார்கள். மாலையில் வீட்டில் வைத்துத் தவறிவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். உண்மை தெரிந்தவர்கள் வெள்ளைத்துரை, கனகலட்சுமி, சித்தப்பா என்று மூன்றே பேர்.

பெண்ணின் தாய் ஜெயக்கொடிக்குத் தெரியாது. அதுதான் தொல்லை. கல்யாணத்தன்று அவள் மூன்று முறை மொக்கையனிடம் போய், "வாங்கய்யா, சாப்பிட வாங்க" என்று கும்பிட்டிருக்கிறாள். மனிதர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபத்தை அவள் பத்திரமாக வளர்த்தாள். துக்கம் கேட்க வந்தபோதே, "போற அன்னைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்று சொல்லித்தான் அழுதாள். அதற்குப் பிறகு வெள்ளைத்துரை வீட்டில் கை நனைத்ததில்லை. காதுகுத்து, சடங்கு, புதுமனை, எதற்கு வந்தாலும் மொய் எழுதிவிட்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விடுவாள்.

அந்த ஜெயக்கொடி இருப்பது எழுமலையில்.

"ஏங்க, ஆபீஸ்ல வாயைத் தொறந்தீங்க, ஊருக்கே கேட்டுரும். மெதுவாப் பேசிப் பழகுங்க" என்றாள் கனகலட்சுமி. வெள்ளைத்துரை ஒரு வாரம் குளியலறையில் நின்று பழகினார். "உள்ள யாருகிட்டப்பா பேசுறீங்க?" என்று மகன் கதவைத் தட்டினான்.

போகிற நாளில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார்கள். கண்டக்டரிடம் வெள்ளைத்துரை உதட்டை மட்டும் அசைத்தார்.

"என்னண்ணே?"

மறுபடி அசைத்தார்.

"அண்ணே, தொண்டை சரியில்லையா?"

"எழுமலை ரெண்டு!"

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டது. டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார்.

எழுமலைப் பேரூராட்சி அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஆதார் நகல் வேண்டும் என்றதும் கனகலட்சுமி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். "நான் வார வரைக்கும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் வரிசை நகர்ந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் அஸ்வினி என்ற இளம்பெண் இருந்தாள்.

"யாரோட சான்றிதழ் வேணும் ஐயா?"

"அப்பா" என்று காற்று மாதிரி சொன்னார் வெள்ளைத்துரை.

"தப்பா? என்ன தப்பு?"

"அப்பா... மொக்கையன்..."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா, பேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. எங்க இறந்தாரு? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?"

சத்தமாகச் சொல்லுங்கள் என்று வெள்ளைத்துரையிடம் யாரும் அதுவரை சொன்னதே இல்லை. அவருக்குள் ஏதோ மடை திறந்தது.

"கல்யாண மண்டபத்துலம்மா! தாலி கட்டுறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு! நாங்கதான் வெளிய சொல்லல!"

எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடைக்காரர் தாளை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். கனகலட்சுமி மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிவந்தாள். அவள் உள்ளே நுழையும்போது, வரி கட்டும் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி.

"யாருப்பா அது, வெள்ளத்துரையா? என்ன சொன்ன?"

"சின்னம்மா..."

"எந்தக் கல்யாணம்? எம் மக கல்யாணமா?"

வெள்ளைத்துரை கனகலட்சுமியைப் பார்த்தார். கனகலட்சுமி தரையைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை" என்றாள் கடைசியில்.

ஜெயக்கொடியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்ப அந்த மனுசன் செத்துப் போயித்தான் எங்கிட்டப் பேசலையா?"

"ஆமா சின்னம்மா."

"திமிரு இல்லையா?"

"எங்கப்பாவுக்குத் திமிரே கிடையாது சின்னம்மா!"

"அட, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா! இம்புட்டு வருசமா அந்தப் புண்ணியவானை நான் எப்படியெல்லாம் பேசியிருக்கேன்!" என்று ஜெயக்கொடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உடனே சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். "இரு. மூணாவது தடவை கூப்பிட்டப்ப, வேணாம்னு தலையை ஆட்டுனாரே?"

"அது நான்தான் சின்னம்மா. பின்னாடி நின்னு சேரை ஆட்டுனேன்."

முதலில் சிரித்தது அஸ்வினி. வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தாள். பிறகு வரிசையே சிரித்தது. ஜெயக்கொடி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கனகலட்சுமிக்குப் பிடிபடவில்லை. அவள் பயந்து பயந்து கேட்டாள்:

"அத்தை, இழவு விழுந்த மண்டபத்துல தாலி கட்டுனது தப்புன்னு..."

"போடி. ரெண்டு பிள்ளை பெத்து, மூத்தவன் காலேஜ் போறான். இனிமே வந்து எந்தத் தீட்டு கேக்கப்போகுது?"

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவருக்கு மட்டும் இது ஒப்பவில்லை. "இருந்தாலும் சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று ஆரம்பித்தார். ஜெயக்கொடி திரும்பிப் பார்த்த பார்வையில், தண்ணீர் வரி ரசீதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அஸ்வினி தன்னைத் தேற்றிக்கொண்டு, கல்யாணத் தேதியைக் கேட்டு எழுதினாள். பழைய பதிவேடுகள் இருந்த அறைக்குப் போனவள் சிறிது நேரத்தில் தும்மிக்கொண்டே வந்தாள். பதிவு இருந்தது. சித்தப்பா ஊருக்குத்தான் பொய் சொல்லியிருந்தார். அரசாங்கத்துக்கு மண்டபத்தின் பெயரையே கொடுத்திருந்தார். மனுவை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் சான்றிதழ் தயாராகிவிடும் என்றாள்.

"நீங்க வந்து அலைய வேணாம். நான் வாங்கிட்டு வாரேன்" என்றாள் ஜெயக்கொடி.

சொன்னபடியே மறுவாரம் ஆனையூருக்கு வந்தாள். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கனகலட்சுமி ஆட்டுக்கறியும் நாட்டுக்கோழியும் வைத்திருந்தாள். இருபது வருடப் பாக்கியையும் ஒரே வேளையில் தீர்ப்பது போல ஜெயக்கொடி சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்றும் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தவள், மில்லில் அரைக்க வந்து நின்ற பெண்களிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். உள்ளே தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்த கனகலட்சுமி காதைக் கூர்மையாக்கினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. முதத் தடவை கூப்பிட்டப்பவே கண்டுபிடிச்சுட்டேன். எம் மக கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."