பார்த்தினனும் ஒரு பிடி மண்ணும்

ஐரோப்பா போய்விட்டு வந்தாயிற்று.

எதைப் பார்க்கப் போனேனோ அதை மட்டும் பார்க்கவில்லை.

காரணம் என் நண்பன் சேகர். தர்மபுரியில் லேஅவுட் போட்டு மனை விற்கிறான். (இரண்டு தென்னங்கன்று நட்டுவிட்டால் அவனுக்கு அது 'கார்டன்'.) பள்ளிக்கூடத்தில் இருந்து பழக்கம், எனவே திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

நான் கட்டட காண்ட்ராக்டர். ஏதென்ஸில் மலைமேல் இருக்கிற பார்த்தினன் கோயிலின் தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்திருக்குமாம். தூரத்தில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியவேண்டும் என்று தெரிந்தே அப்படிக் கட்டினார்களாம்.

அதைப் படித்த நாளில் இருந்து ஒரே ஆசைதான். தூணை ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழிருந்து மேல்வரை பார்க்கவேண்டும். எனக்கு இந்த டூரே அதற்காகத்தான்.

கூட வந்த இன்னொரு நண்பன், உரக்கடை மணியிடம் இதைச் சொன்னேன்.

"பார்த்தீனியம் செடியா? அதுக்கு நம்மூருலயே மருந்தடிச்சு மாளல. அங்க வேற போயி பாக்கணுமாக்கும்."

(இந்த லட்சணத்தில் மூன்று பேர் கிளம்பினோம்.)

முதலில் ரோம். இடிந்து கிடந்த அரண்மனைகளைப் பார்த்துவிட்டு, இங்கே சென்ட் என்ன விலை என்று கைடிடம் கேட்டான் சேகர். அவர் பாவம், யூரோ சென்ட் என்று நினைத்து, சில்லறை மாற்றும் இடத்துக்கு வழி சொன்னார்.

அடுத்து ஏதென்ஸ். டிக்கெட் காட்டி உள்ளே போய் மலை ஏற ஆரம்பித்தோம். மணி வேகமாக முன்னால் போய்விட்டான். பாதி வழியில் சேகரைக் காணோம். திரும்பிப் பார்த்தால், ஒரு மரத்தடியில் குந்திக்கொண்டு, பருப்புப்பொடி கொண்டுவந்த கவரில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறான்!

"பிடிமண்ணுடா. அதியமான்கோட்ட பக்கம் புது சைட்டு போடறன்ல, ஏதென்ஸ் கார்டன். கோயில் மண்ண வெச்சு பூஜ போட்டா எவன் வெல பேசுவான்?"

குலதெய்வம் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் கோயில் கட்டுவோம். இவன் ப்ளாட் விற்க எடுக்கிறான்.

விசில் சத்தம். காவலுக்கு இருந்த பெண்மணி ஓடி வந்தார்.

"டெம்பிள் சாயில் மேடம், ஹோலி" என்றான் சேகர். அவர் முகம் மாறவில்லை. நான் நைசாக மேலே நழுவிவிடலாம் என்று ஓரடி வைத்தேன். அந்தப் பாவி என்னைக் கைகாட்டினான்.

"ஹீ இஸ் மை இன்ஜினியர்."

அள்ளிய இடத்திலேயே மண்ணைக் கொட்டச் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். இன்றைக்கு மறுபடி உள்ளே விடமாட்டார்களாம். எவ்வளவோ கெஞ்சினேன். சாயங்காலம் எங்களுக்கு ஃபிளைட்.

வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தூண்களின் தலை மட்டும் தெரிந்தது. அதுவும் நேராகத் தெரிந்தது.

அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். சேகர் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மணி இறங்கி வந்ததும் மேலே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"செம வெயிலு மாப்ள. ஒதுங்க நெழலே இல்ல."

ஊருக்கு வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை ஏதென்ஸ் கார்டனுக்கு பூஜை. பித்தளைச் சொம்பில் மண் இருந்தது. தொப்பூர்ப் பக்கம் ரோட்டோரத்தில் அள்ளியது. மனை பார்க்க வந்தவர்களிடம் கூசாமல் சொல்கிறான்:

"நாங்களே நேர்ல போயி கொண்டாந்ததுங்க."

அதோடு விட்டானா? அத்தனை பேர் முன்னால் என் தோளில் கை போட்டான்.

"மொகப்புல நாலு தூணு வேணும் மாப்ள. அந்தக் கோயில்ல இருந்த மாதிரியே. நீதான் நேர்ல பாத்தவனாச்சே!"

எல்லாரும் கைதட்டினார்கள்.

நண்பர்களே, உங்களில் யாராவது அந்த மலைமேல் ஏறியிருந்தால் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள். அந்தத் தூண் நடுவில் எவ்வளவு புடைத்திருக்கிறது?

வியாழக்கிழமை நாலு தூணுக்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கவேண்டும்.