நாலு வாட்

முதலில் இடது பேனல். ஈரத்துணியால் மேலிருந்து கீழாக எட்டு இழுப்பு. பிறகு வலது பேனல், அதே துணி, அதே எட்டு. வலதில் காக்கை எச்சமிட்டு ஒன்பதாவது இழுப்பு தேவைப்பட்டால், சுத்தமாக இருக்கும் இடதுக்கும் ஒன்று கூடுதலாக உண்டு. “ஒண்ண மட்டும் பளிச்சுன்னு வச்சிக்கினு, அதுதான் ஜாஸ்தி குடுக்குதுன்னா அழுகுணி ஆட்டம் சார்” என்கிறார் அருள்மொழி.

சிதம்பரத்தை அடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றின் மொட்டைமாடி இது. அருள்மொழி முப்பத்தொன்பது வயதுப் பெண். ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த டெக்னீஷியன். இடது பேனல் சாதாரண சோலார் பேனல். வலதின் முதுகில் மட்டும் வெள்ளைச் சதுர வில்லைகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. வெப்பத்தை மின்சாரமாக்கும் அவற்றுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பிஸ்கட்டு.

“வெயிலு ஏறுனா பேனலு சோம்பேறி ஆயிடும். அந்தச் சூட்ட பிஸ்கட்டு வாங்கிக் கரண்டாக்குது. ஆனா ஒரு பக்கம் சுட்டா மறுபக்கம் குளுரணும்.” குளிர்ச்சிக்காக வில்லைகளின் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீரை ஓட்ட ஒரு சின்ன பம்ப். அவரைப் பற்றி எழுத வந்தவன் நான். பள்ளியில் இயற்பியலைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய எனக்கு இதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் முகம் சுளிக்கவில்லை.

மீட்டருக்குக் கீழே ஒரு குமிழ். அதை மெல்லத் திருப்பினால் வாட் ஏறும், ஓர் இடம் தாண்டினால் இறங்கும். மேகம் நகர்ந்தால் அந்த இடமும் நகர்ந்துவிடும். எண் ஏறிக்கொண்டிருக்கும்போது நிறுத்த அவருக்கு மனம் வராது. இறங்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகே திரும்பி வருவார். “தாண்டிப் பாத்தாதான் உச்சி எதுன்னு தெரியும்.”

வீடு கடலூர் சோனங்குப்பத்தில். தினமும் காலை ரயிலில் வந்து போகிறார். அம்மா மீன் விற்றவர், கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் அருள்மொழி மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். மீன் விற்கும் அக்கா தட்டில் அள்ளிப் போட்டதும் இவர் தராசைப் பிடித்துக்கொள்வார். “ஐச எடுத்துட்டுப் போடுக்கா. தண்ணியையும் வடிச்சிரு.” அந்த அக்காவுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

உச்சிவெயிலில் இடது பேனல் எண்பது வாட் தருகிறது. வலது, வில்லைகளையும் சேர்த்து எண்பத்தாறு. நாலு வாட் கூடுதல் காட்டினால் திட்டத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டிப்பதாக நிதி தரும் அலுவலகம் சொல்லியிருந்தது. நீண்டால் அருள்மொழிக்கு வேலை உண்டு, இல்லையென்றால் மார்ச்சோடு வீட்டுக்கு. மகள் ப்ரீத்தி பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு வாட் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்டேன். அவர் பம்பைக் காட்டினார். அது கல்லூரிக் கரண்டில் ஓடுகிறது. மூன்று வாட் தின்கிறது. கழித்தால் மிச்சம் மூன்று. அவருடைய நோட்டில் பம்புக்கென்று ஒரு தனிப் பத்தியே இருக்கிறது.

நாலுக்குக் குறையும் அந்த ஒரு வாட்டுக்காக அவர் படாத பாடு பட்டிருக்கிறார். பம்பின் வேகத்தைக் குறைத்தார், வில்லை சூடேறிப் படுத்துவிட்டது. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீரைத் தானாக இறங்க விட்டார், வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் தொட்டி காலி. ஈரச்சாக்கு கட்டினார், உப்புப் படிந்ததுதான் மிச்சம்.

திட்டத் தலைவர் பேராசிரியர் பழனிவேல் கெட்டவர் இல்லை. நிதி அலுவலகத்தின் குழு பார்வைக்கு வருவதற்கு முதல் நாள் தணிந்த குரலில்தான் சொன்னார். “பம்பப் பத்தி அவுங்க கேட்டா சொல்லிக்கலாம். நீங்களா எடுக்காதீங்க. உங்க வேலையும் இதுலதான் இருக்கு, அருள்மொழி.”

“தெரியும் சார்” என்றார் அருள்மொழி.

மறுநாள் பன்னிரண்டரைக்கு மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அருள்மொழி இரண்டு பேனலையும் துடைத்தார், எட்டு, எட்டு. குமிழைத் திருப்பினார். எண்பது. எண்பத்தாறு. மூத்த அதிகாரி எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். பம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பழனிவேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அப்பாடா என்று எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அருள்மொழி சுவரோரம் குனிந்தார். பம்பின் வயரைக் கல்லூரி பிளக்கிலிருந்து உருவி, வலது பேனலின் இணைப்பில் செருகினார். பம்ப் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. எண்பத்தாறு இறங்கி எண்பத்து மூன்றில் நின்றது. குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதற்கு மேல் ஏறவில்லை.

“இப்ப எழுதிக்குங்க சார்” என்றார்.