பாட்டாகிப்போன சண்டை

கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்கும் மகேஸ்வரி, ஒரு நாள் காலையில் வினோத்குமாரின் ஷேர் ஆட்டோவில் தன் குரலையே கேட்டாள். அது 2011-ஆம் வருஷம், ஆடி மாதம். வினோத்குமார் செல்போன் கடையில் புதிதாகப் பாட்டுகள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். ஸ்பீக்கரில் முதலில் பஸ் உறுமுகிற சத்தம் வந்தது. அதன்மேல் யாரோ வயலினை இழுத்தார்கள். பிறகு ஒரு பொம்பளை கத்தினாள்: "எறங்க மாட்டேன்! காசு குடுத்துத்தான ஏறுனேன்? எறங்க மாட்டேன்!"

ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகேஸ்வரியும் சிரித்தாள். நம்மைப் போல இன்னொரு வாயாடி போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். அடுத்தாற்போல் அந்தப் பொம்பளை கண்டக்டரின் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையின் வாலை அப்படி நீட்டிச் சொல்கிறவள் அந்தக் கரையில் ஒருத்திதான்.

"நிறுத்துடா வினோத்து!"

"என்னாக்கா, நல்லாதான இருக்கு?"

"அது நான்டா! நிறுத்துடா!"

சிரிப்பு அடங்கவில்லை, கூடியது. ஒருத்தி திரும்பி மகேஸ்வரியின் முகத்தையே பார்த்தாள். மீன் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு, சிதம்பரம் வரும்வரை மகேஸ்வரி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தச் சண்டை நடந்து இரண்டு வருஷம் இருக்கும். மீன் தண்ணி சொட்டுகிறது, பேசஞ்சர் மேலே நாத்தம் அடிக்கிறது என்று சொல்லி ஒரு டவுன் பஸ் கண்டக்டர் நடுரோட்டில் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினான். அன்றைக்கு அவளோடு தைலம்மாளும் இருந்தாள். சுனாமி அலை வந்த வருஷம் மகேஸ்வரியின் புருஷன் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு மூலையில் கிடந்தவளை எழுப்பி மீன் விற்கக் கூட்டிக்கொண்டு போனவள் தைலம்மாள்தான். "அழுதுக்கினே வேணா வா, ஆனா வா" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே வெற்றிலைப் பொட்டலம். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து தைலம்மாள் செத்துப்போனாள்.

பாட்டைக் கேட்ட அன்று மகேஸ்வரிக்கு வியாபாரமே ஓடவில்லை. கெழங்கா மீன் கேட்டவளுக்குக் கவலை மீனை எடுத்துப் போட்டாள். எந்த வீட்டில் செல்போன் அடித்தாலும் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கண்றாவி கடலூர் வரைக்கும் போயிருந்தால்? வருகிற வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து அமராவதி பெண் பார்க்க வருகிறாள். அவள் மகன் மணவாளனுக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. மகேஸ்வரியின் மகள் பொன்னி நர்ஸ் படிப்பை முடிக்கப் போகிறாள். நல்ல இடம். மாமியாராகப் போகிறவள் சம்பந்தியின் வாயை இப்படியா முதலில் கேட்பது?

ராத்திரி பொன்னிதான் விசாரித்துச் சொன்னாள். சிதம்பரத்தில் மியூசிக் படித்த சித்தார்த் என்கிற பையனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து போட்ட ஆல்பமாம். நாட்டுப்புறப் பாட்டோடு பஸ், ரைஸ் மில், சந்தை இரைச்சல் எல்லாவற்றையும் கலந்து புதுவிதமாகச் செய்திருக்கிறார்களாம். 'எல்லா நிறுத்தத்திலும் நிற்கும்' என்று அதற்குப் பேர்.

"உன் பாட்டுதாம்மா அதுல எல்லாருக்கும் புடிச்சிருக்காம்."

"பாட்டா? நான் எங்கடி பாடுனேன்?"

மறுநாள் மீனைப் பாதிக்கு விற்றுத் தள்ளிவிட்டு, விசாரித்து விசாரித்து ரயிலடிக்குப் பக்கத்தில் அவன் வீட்டைப் பிடித்துவிட்டாள். மாடியில் ஒரே அறை. கம்ப்யூட்டர், கால் வைக்க இடமில்லாமல் ஒயர், சுவரில் சாய்த்து வைத்த ஒரு பெரிய தவில். சித்தார்த் தாடி வைத்த ஒல்லிப் பையன். யார் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"உங்கள எவ்ளோ தேடினேன் தெரியுமாக்கா! இந்த ஆல்பத்துக்கு உயிரே நீங்கதான்."

"என் உயிர எடுக்க உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது?"

அவன் பஸ் சத்தத்தைப் பிடிக்கத்தான் மெஷினைப் பையில் வைத்திருந்ததாகவும், அந்த நேரம் பார்த்துச் சண்டை வந்ததாகவும் சொன்னான்.

"ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க எறங்கிட்டீங்க."

"நான் எறங்கல. எறக்கி உட்டானுங்க. நீ உக்காந்துக்கினு போன."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசியில், "ஒரே ஒரு தடவை முழுசாக் கேளுங்கக்கா. அப்பறம் நீங்க சொல்றபடி செய்றேன்" என்று ஒரு பெரிய ஹெட்போனை நீட்டினான்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். ஆட்டோவில் கேட்டதுபோல் இல்லை. பஸ் அவள் மண்டைக்குள்ளேயே கிளம்பியது. என்ஜின் சத்தத்தை நிதானமாக்கி நிதானமாக்கித் தவிலில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கண்டக்டரின் விசிலை வயலின் பிடித்துக்கொண்டு மேலே மேலே இழுத்தது. நடுவில் அவள் குரல் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. எறங்க மாட்டேன், எறங்க மாட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. இது பாட்டா, பேய் பிடித்தவள் போடுகிற கூப்பாடா? தவில் வேகம் எடுத்தது. ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியாதவளைப் போல முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கெட்ட வார்த்தை வந்தது. அதன் வால் நீளும்போதே, அதற்கு அடியில், மிகச் சின்னதாக இன்னொரு குரல்.

"மகேசு, உட்டுடுடி. வெய்யில் ஏர்றதுக்குள்ள நடந்துடலாம். வா."

பிறகு ஒரு செருமல். தைலம்மாளின் செருமல்.

மகேஸ்வரி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். ஜன்னலண்டை போய் நின்றாள். வாசலுக்குப் போனாள். திரும்ப வந்து, "இன்னொரு தபா போடு" என்றாள். அந்த இடம் வந்ததும் மறுபடியும் எழுந்துவிட்டாள். தைலம்மாளுக்கு என்று மிச்சம் இருந்தது வாக்காளர் அட்டையில் கருப்பாகத் தெரியும் ஒரு முகம்தான். அவள் பேச்சு இன்னும் உலகத்தில் எங்கேயோ இருக்கும் என்று யார் கண்டார்கள்?

சித்தார்த்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த வார்த்தையத்தான எடுக்கணும்? எடுத்துடறேங்கக்கா" என்று கம்ப்யூட்டரில் எதையோ வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினான். கெட்ட வார்த்தை போய்விட்டது. தைலம்மாளும் போய்விட்டாள். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தனியாகப் பிரிக்க முடியாது என்றான்.

"வேணாம். இருந்தமாரியே உடு."

"நெஜமாவா?"

"என் பேர மட்டும் எங்கயும் போடாத. அப்பறம், இனிமே யாருதப் புடிச்சாலும் கேட்டுட்டுப் புடி."

ஒரு சிடியை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம், செய்தது சரியா என்று மனசு அடித்துக்கொண்டது. செத்தவளை வைத்துக்கொள்ள, பெற்ற மகளின் கல்யாணத்தைப் பணயம் வைத்துவிட்டோமோ?

வெள்ளிக்கிழமை அமராவதி வந்தாள். கனத்த உடம்பு, அதிகம் பேசாதவள். டீயைக் கையில் கொடுத்ததுமே மகேஸ்வரி சொல்லிவிட்டாள்: "அண்ணி, பின்னால யாராவது சொல்லி நீங்க கேக்கக் கூடாது. நானே சொல்லிடறேன்." பொன்னி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, செல்போனில் போட்டும் காட்டினாள். அமராவதி முழுவதையும் கேட்டாள். டீயைக் குடித்து முடித்தாள். "சரி, வர்றோம்" என்று கிளம்பிவிட்டாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கடலூரிலிருந்து பேச்சே இல்லை. மகேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொன்னியின் செல்லை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "உடும்மா, இந்த இடம் இல்லன்னா போவுது" என்று பொன்னி சொன்னால் அதற்கும் எரிந்து விழுந்தாள்.

அந்தத் தவிப்பிலேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தைலம்மாளின் புருஷன் கலியபெருமாள் வீட்டுக்குச் சிடியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பிச்சாவரத்தில் டூரிஸ்ட் படகுக்குத் துடுப்புப் போடுகிறவர். ஒன்றும் சொல்லாமல் டிவியோடு இருந்த பிளேயரில் போட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்தச் செருமல் கேட்டதும் மனுஷன் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் டிவியைப் பார்த்தார். எழுந்து பிளக்கையே பிடுங்கினார்.

"எதுக்கு இத்தக் கொண்டாந்த?"

"இல்ல மாமா, அக்கா கொரலு..."

"எனக்குத் தெரியாதா அது யாரு கொரலுன்னு? இப்பத்தான் நாலு நாளா சோறு எறங்குது. எடுத்துக்கினு போ."

அழக்கூடத் தோன்றாமல் மகேஸ்வரி வந்துவிட்டாள்.

ஆவணி பிறந்து அமராவதியின் போன் வந்தது. தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். வேறு விளக்கம் ஒன்றும் இல்லை. பேச்சை முடிக்கும்போது மட்டும், "ஏன் அண்ணி, அந்தக் கண்டக்டர் இப்பவும் அந்த வண்டிலதான் வர்றானா?" என்று கேட்டாள். மகேஸ்வரி போனைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஆனால் மார்கழி நடுவில் அடித்த புயலில் கடலூர்ப் பக்கம் கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று.

வைகாசியில், கல்யாணத்துக்கு முந்தின வாரம், கலியபெருமாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. துடுப்பைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"கல்யாணத்துக்கு வந்துடறேன்" என்றார். போவதுபோல் இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "அந்தப் பாட்டுத் தட்டு இருக்குதா?"

மகேஸ்வரி உள்ளே ஓடி எடுத்து வந்து கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார், பைக்குள் அடங்கவில்லை. லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். அதற்கப்புறம் அவரும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.