முதல் மூட்டை இறங்கிய இடம்

அறுபதுகளின் நடுப்பகுதியில் திருகோணமலையில் பத்திரிகை நிருபராக இருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு கடை முதலாளியின் வீட்டு முன்னறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். பக்கத்துக் காணியில் அவர் புதுக் கடை கட்டத் தொடங்கியிருந்தார். வேலை முழுவதும் ஒரு கொந்தராத்துக்காரரின் பொறுப்பு. முதலாளி தவணை தவணையாக அவரிடம் காசு கொடுப்பார். சாமான் தந்தவர்களுக்கு அவர் கொடுப்பார்.

ஒரு காலை குச்சவெளிப் பக்கமிருந்து சுண்ணாம்பு லொறி வந்தது. கட்டட வாசலில் நிற்காமல் எங்கள் வீட்டு வாசற்படலையடியில் நின்றது. முன் ஆசனத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் இறங்கி, ஒரு மூட்டையை முதலாளி முன்னால் இறக்குவித்தார்.

"முதலாளி, நான் சூளைக்காரி. உங்கட கட்டடத்துக்கு வாற சுண்ணாம்பு என்னுடையது. இண்டைக்கு உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. தெரிஞ்சிருக்கட்டும்."

கொந்தராத்துக்காரர் முகம் சுருங்க ஓடிவந்தார். "என்னக்கா, என்னை ஊரைவிட்டு ஓடுற ஆள் எண்டு நினைச்சீங்களோ?"

"ஓடுற ஆளெண்டா சுண்ணாம்பே தந்திருக்க மாட்டன், தம்பி. சூளைக்கு விறகு கடனில வாங்கினனான். இந்தக் காசு வராட்டி சூளை விறகுக்காரன்ர கையில."

முதலாளி சிரித்தார். "சரி, பாத்திட்டன். வெத்திலைக்கும் கொஞ்சம் வைச்சிட்டுப் போங்கோ."

"இது வாயைச் சுடும், முதலாளி."

எனக்கு இது புதுமையாக இருந்தது. சந்தேகமா, வழக்கமா? லொறி புறப்படுமுன் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். கணவர் இருந்த காலத்தில் ஒரு கட்டடத்துக்குச் சுண்ணாம்பு கொடுத்தார்களாம். அந்த வேலையின் கொந்தராத்துக்காரர் காசோடு காணாமற் போக, கட்டடச் சொந்தக்காரரிடம் போனார்களாம். "'நீங்கள் ஆர்?' எண்டு கேட்டார். அந்தக் கேள்வி வர முன்னமே பதில் சொல்லிப்போட வேணும்."

சுவர்கள் எழும்பிய சமயத்தில் கொந்தராத்துக்காரர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் ஓடவுமில்லை, ஒருவரையும் ஏமாற்றவுமில்லை. செத்தவீடு முடிந்து, செய்த வேலைக்கான மிச்சக் காசுக்கு அவருடைய தம்பி வந்தார். முதலாளி இரும்புப் பெட்டியைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

"சுண்ணாம்புக்காரிக்குக் குடுத்தாச்சோ?"

தம்பிக்குத் தெரியவில்லை. முதலாளி சூளைக்காரிக்கு ஆளனுப்பிக் கேட்டு, அவருக்கு வரவேண்டிய பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார். அந்தப் பெண் பஸ்ஸில் வந்து வாங்கிப்போனார். சூளை தப்பியது.

பிறகு ஒருநாள் மூதூரிலிருந்து செங்கல் வியாபாரியான முஸ்லிம் பெரியவர் தன் பாக்கியைக் கேட்டு வந்தார். அதுவரை தோணியில் கொண்டுவந்த கல்லை நேரே கட்டட வாசலில் இறக்கிவிட்டுப் போனவர். முதலாளி கதிரை போட்டு இருத்தினார்.

"உங்களை எனக்குத் தெரியாமப் போச்சே, காக்கா. மிச்சக் காசு அவற்ர தம்பியிட்டப் போயிட்டுது. ரெண்டு தரம் குடுக்க என்னால ஏலாது."

"ஓம் முதலாளி. நம்பின மனுசனைத் தாண்டி உங்களிட்ட வந்து கதைக்கிறது மரியாதையில்லை எண்டு இருந்திட்டன்."

தன் கற்களால் எழுந்த சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

முதல் மூட்டையோடு சொன்ன வார்த்தை அந்தப் பெண்ணின் சூளையை மட்டும் காத்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது இறந்தவரின் பெயரையும் காத்தது; காசு கிடைத்துவிட்டதால் அவரைப் பற்றி அந்தப் பெண் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூதூரில் அதே மனிதரின் பெயரை எப்படிக் கதைத்தார்களோ என்ற எண்ணம் மட்டும் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.